வலசைப் பறவைகளும் ஈரநிலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலசைப் பறவைகள் வந்து தங்கும் நீர்நிலைகளைக் காப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

ஈரநிலம் என்று எதையெல்லாம் சொல்கிறார்கள்?

1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை இதற்கு மிகத் தாராளமான வரையறை தருகிறது. சதுப்பு, ஏரி, ஆறு, கழிமுகம், புதர் மண்டிய சேற்று நிலம் எல்லாமே சேர்த்தி. இயற்கையாக உண்டானதா மனிதர் வெட்டியதா, நன்னீரா உப்புநீரா, நிற்கும் நீரா ஓடும் நீரா என்ற பேதம் கிடையாது. கடலிலும்கூட, நீர் வற்றும் நேரத்தில் ஆறு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத பகுதி ஈரநிலம்தான். அப்படிப் பார்த்தால் நெல்வயலும் உப்பளமும் இதற்குள் வந்துவிடும்.

வருடம் முழுக்க நீர் நிற்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வற்றிக் கிடக்கும் மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டுத் தரிசு என்று குறித்துவைப்பதால்தான் பல நீர்நிலைகள் பறிபோகின்றன.

ஓரிடம் அழிந்தால் பறவைகள் பக்கத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளாதா? சிறகு இருக்கிறதே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். திட்ட அறிக்கைகளிலும் இதே வாதம், கொஞ்சம் நாகரிகமான நடையில் எழுதப்பட்டிருக்கும்.

முதலில் இந்தப் பறவைகள் செய்யும் பயணத்தைப் பார்ப்போம். அலாஸ்காவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பட்டைவால் மூக்கன், பசிபிக் பெருங்கடலை ஒரே மூச்சில் கடந்து நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறது. நடுவில் இறங்க இடமில்லை. அது நீந்தும் பறவையும் இல்லை. 2022இல் கருவி பொருத்தப்பட்ட ஒரு இளம் பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாளில் பறந்து முடித்தது. கிளம்பும் நேரத்தில் உடல் எடையில் பாதியளவு கொழுப்பாகவே இருக்கும். அந்தச் சுமைக்கு இடம் தருவதற்காகக் குடல், இரைப்பை போன்ற உறுப்புகள் சுருங்கிவிடுகின்றன. இவ்வளவு ஏற்பாடும் கிளம்பும் முன் சேற்றில் கிடைத்த புழுவையும் சிப்பியையும் நம்பித்தான்.

அடுத்து, காலக்கணக்கு. அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் மே மாதம் குதிரைலாட நண்டுகள் கரையேறி முட்டையிடும். தென்னமெரிக்காவின் தென்முனையிலிருந்து வரும் ‘ரெட் நாட்’ என்ற உள்ளான் (உள்ளான் என்பது சேற்றோரத்தில் இரை தேடும் கரைப்பறவை) சரியாக அந்த நாட்களில் வந்து இறங்கி, அந்த முட்டைகளைத் தின்று, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் எடையை இரட்டிப்பாக்கிக்கொண்டு ஆர்க்டிக்குக்குக் கிளம்புகிறது. 1990களில் தூண்டில் இரைக்காக அந்த நண்டுகளை வரைமுறையின்றிப் பிடித்தார்கள். பறவைகளின் எண்ணிக்கை சரிந்தது. 2008இல் நியூஜெர்சி மாநிலம் நண்டு பிடிப்பதையே நிறுத்திவைத்தது. விரிகுடா அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது, ஒரு சேதமும் இல்லை. மே மாத இரை மட்டும் இல்லை.

சரி, பக்கத்து இடத்துக்குப் போனால் என்ன ஆகும்? இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். வேல்ஸின் கார்டிஃப் விரிகுடாவில் 1999இல் தடுப்பணை கட்டி, அலையேறி வற்றும் சேற்றுப் பரப்பை நன்னீர் ஏரியாக மாற்றினார்கள். அங்கிருந்த பவளக்காலிகள் உண்மையிலேயே பக்கத்துக் கழிமுகத்துக்குப் போயின. ஆனால் அங்கே ஏற்கெனவே பறவைகள் இருந்தன. இடம்பெயர்ந்தவை எடை குறைந்து, முன்பைவிட அதிக விகிதத்தில் செத்தன. தென்கொரியாவின் செமாங்கும் இன்னும் பெரிய பாடம். 33 கிலோமீட்டர் கடற்சுவர் 2006இல் அந்தக் கழிமுகத்தை மூடியபிறகு, அங்கே கூட்டம் கூட்டமாக இறங்கிய ‘கிரேட் நாட்’ உள்ளான்கள் சுற்றுவட்டாரத்தில் எங்கும் அதே எண்ணிக்கையில் தென்படவில்லை. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியக் கரைகளில் கணக்கெடுத்தபோது அங்கும் குறைந்திருந்தன. அந்த இனம் இன்று அழிவின் விளிம்பை நெருங்கும் பட்டியலில் இருக்கிறது.

பக்கத்து இடம் காலியாக இருப்பதில்லை. கேள்விக்கான பதில் அவ்வளவுதான்.

ஏரியை ஆழப்படுத்திக் கரையை உயர்த்தினால் பறவைகளுக்கு நல்லதுதானே?

பெரும்பாலும் கெடுதல். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சேதங்களில் இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

சிறிய உள்ளான்கள் சில சென்டிமீட்டர் நீரில்தான் நின்று இரை தேடும். கணுக்கால் நனையும் ஆழமே அவற்றுக்கு எல்லை. தலையைக் கவிழ்த்து மேயும் ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவற்றுக்கு ஒரு சாண் ஆழம் சுகம். நாரைகளுக்கு இன்னும் சற்று அதிகம். முக்குளிக்கும் வாத்துகளுக்கும் நீர்க்காகங்களுக்கும் மட்டுமே ஆழமான நீர் பயன்படும். ஆகவே ஒரு ஏரியில் எத்தனை வகைப் பறவை இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் ஓரம்தான். மெதுவாகச் சரிந்து இறங்கும் ஓரம் இருந்தால் நீர் வற்ற வற்ற ஒவ்வொரு வாரமும் புதிய சேற்று விளிம்பு ஒன்று வெளிப்படும். ஒவ்வொரு வாரமும் புதிய பந்தி.

அந்தச் சரிவை இயந்திரத்தால் வெட்டிச் செங்குத்தாக்கி, கல் பதித்து, சுற்றிலும் நடைபாதை போட்டு, நடுவில் ஒரு தீவும் அமைத்தால் படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். இறங்க இடமிருக்காது. தூர்வாருவதே தப்பு என்று சொல்லவரவில்லை. வண்டல் மேடிட்டு மூச்சு முட்டும் நீர்நிலையைத் தூர்வாரத்தான் வேண்டும். எங்கே, எவ்வளவு, எந்த மாதத்தில் என்பதை முடிவு செய்துவிட்டு இறங்கவேண்டும். குறைந்தது ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட்டுவைக்கலாம்.

கோடையில் வற்றிப்போகும் ஏரியை வருடம் முழுக்க நிரப்பி வைக்கலாமா?

வேண்டாம். வற்றும்போதுதான் மண்ணுக்குக் காற்றுப் படுகிறது, அழுகிய தாவரம் மட்கிச் சத்தாகிறது, சில விதைகள் முளைக்கின்றன. அடுத்த மழையில் பூச்சியும் புழுவும் பெருகுவது இதனால்தான். எப்போதும் ஒரே மட்டத்தில் நீர் நிற்கும் குளத்தில் கோரையும் ஆகாயத்தாமரையும்தான் கொண்டாடும்.

எல்லை வகுத்துச் சரணாலயம் என்று அறிவித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

அறிவிப்பு அவசியம். அது இல்லாமல் நீதிமன்றத்தில் நிற்கக்கூட முடியாது. ஆனால் வேலிக்கு உள்ளே இருப்பது நிலம். நீர் வேலிக்கு வெளியிலிருந்து வருகிறது.

ஸ்பெயினின் தோன்யானா இதற்குக் கண்கூடான சாட்சி. தேசியப் பூங்கா, உலகப் பாரம்பரியச் சின்னம், ராம்சார் தலம் என்று கிடைக்கவேண்டிய எல்லாப் பட்டமும் அதற்குக் கிடைத்தாயிற்று. சுற்றிலும் ஸ்ட்ராபெர்ரி தோட்டங்களுக்காக, அனுமதி இல்லாதவை உட்பட, போடப்பட்ட கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. சதுப்பின் குட்டைகள் காய்கின்றன. 2021இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஸ்பெயின் தன் கடமையைச் செய்யத் தவறியது என்று தீர்ப்பளித்தது. பூங்காவின் எல்லைக்கல் ஒன்றுகூட நகரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே ஒரு நீர்நிலையைக் காக்க நினைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது வரைபடத்தில் அதன் எல்லையை அல்ல. நீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது, எந்த மதகு வழியாகப் போகிறது, அந்த மதகின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

ராம்சார் தலம் என்ற தகுதி கிடைத்தால் என்ன கிடைக்கும்?

கௌரவம், கவனம், நிர்வாகத் திட்டம் தீட்டும் பொறுப்பு. 170க்கும் மேற்பட்ட நாடுகள் உடன்படிக்கையில் இருக்கின்றன. தலங்கள் 2,500ஐத் தாண்டிவிட்டன. தேர்வு செய்ய ஒன்பது அளவுகோல்கள் உண்டு. அவற்றில் இரண்டு நீர்ப்பறவைகளுக்கே உரியவை: வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் வரவேண்டும், அல்லது ஒரு பறவை இனத்தொகையில் 1 சதவீதமாவது அங்கே தங்கவேண்டும். இரண்டாவது அளவுகோல் முக்கியமானது. மொத்தமே சில நூறு மிஞ்சியிருக்கும் இனம் என்றால், ஏழெட்டுப் பறவை வந்து போகும் சேற்றுத் திட்டுகூட உலக முக்கியத்துவம் பெற்றுவிடும்.

தண்டனை அதிகாரம் ராம்சார் செயலகத்துக்குக் கிடையாது. சீரழிந்துவரும் தலங்களை மான்ட்ரூ பதிவேடு என்ற பட்டியலில் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தந்த நாட்டின் சட்டம். அந்தச் சட்டம் பலமாக இல்லாத இடத்தில் ராம்சார் பலகை மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு நாடு காத்து இன்னொரு நாடு அழித்தால் என்ன பயன்?

பயன் குறையும், உண்மைதான். அதனால்தான் நாடு கடந்த ஒப்பந்தங்கள் வந்தன. அமெரிக்காவும் கனடாவுக்காக பிரிட்டனும் 1916இலேயே வலசைப் பறவை ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 1979இல் வலசை உயிரினங்களுக்காக ஜெர்மனியின் பான் நகரில் உடன்படிக்கை, 1995இல் ஆப்பிரிக்க–யூரேசிய நீர்ப்பறவைகளுக்கான உடன்பாடு என்று வரிசை நீள்கிறது. காகிதத்தோடு நின்றுவிடாமல் ஓரளவு பலித்த இடம், சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடல். அரை நூற்றாண்டில் அதன் அலையிடைச் சேற்றுப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டியபிறகு, 2018இல் சீனா வணிக நோக்கில் கடலோரத்தை நிரப்புவதைப் பெருமளவு தடுத்து நிறுத்தியது. மறு வருடம் அங்குள்ள வலசைப் பறவைக் கரைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 2021இல் கொரியச் சேற்றுப் பரப்புகளும் சேர்ந்தன. தாமதம்தான். ஆனால் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வருடக்கணக்காகப் பறவைகளின் காலில் கொடிவளையம் மாட்டி எண்ணிக்கொண்டிருந்தவர்களின் தரவு இல்லாமல் இந்த வாதமே எழுந்திருக்காது.

மக்களை வெளியேற்றினால்தானே பறவைகள் நிம்மதியாக இருக்கும்?

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவைப் பார்க்கலாம். அது மன்னர் காலத்தில் வாத்து வேட்டைக்காக அணையிலிருந்து நீர் விட்டு உருவாக்கிய சதுப்பு. எருமைகள் அங்கே பல தலைமுறைகளாக மேய்ந்துவந்தன. 1982இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்துத் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. மேய ஆளில்லாத நீர்ப்புல் பரவி நீர்ப்பரப்பையே மூடியது. மீன் குறைந்தது, பறவைகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு எருமைகள் அந்தச் சதுப்புக்கு எவ்வளவு தேவைப்பட்டன என்பதைக் காட்டியது.

இதற்காக எல்லா இடத்திலும் மாடுகளை அவிழ்த்துவிடலாம் என்று பொருளில்லை. தரையில் கூடு கட்டும் ஆலாக்கள் இருக்கும் திட்டில் ஒரு மந்தை போனாலே முட்டைகள் நொறுங்கிவிடும். யார், எந்தப் பருவத்தில், எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாமல் தடை போடுவதுதான் ஆபத்து.

மறுபக்கமும் உண்டு. வேடந்தாங்கலில் ஏரியில் கூடும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை ஊரார் அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கிவைத்தவர்கள் அவர்கள். மியான்மரின் மொட்டாமா வளைகுடாவில் கதை வேறு. அங்கே ஏழைகள் வலை விரித்து உள்ளான்களைப் பிடித்து விற்றார்கள். உலகில் சில நூறே மிஞ்சியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளானும் அந்த வலையில் சிக்கியது. பிடித்தவர்களைச் சிறையில் தள்ளுவதைவிட அவர்களுக்கு மீன்வலையும் கால்நடையும் வாங்கிக்கொடுத்து வேறு பிழைப்புக்கு வழி செய்தது பலன் தந்தது. வேட்டை பெருமளவு நின்றது.

விவசாயமும் பறவையும் ஒத்துப்போகுமா?

போகும், நாட்களைப் பொருத்திக்கொண்டால். கலிபோர்னியாவின் மையப் பள்ளத்தாக்கில் பழைய ஈரநிலங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டன. நிலத்தை விலைக்கு வாங்கி மீட்பது நடக்காத காரியம். 2014இல் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வேறு வழி தேடியது. பறவை பார்ப்பவர்கள் இ-பேர்ட் தளத்தில் பதிந்த லட்சக்கணக்கான குறிப்புகளை வைத்து, எந்த வாரத்தில் எந்தப் பகுதியில் பறவைகள் இறங்குகின்றன என்று கணித்தார்கள். செயற்கைக்கோள் படத்தை வைத்து அந்த வாரத்தில் அங்கே நீர் இருக்குமா என்று பார்த்தார்கள். நீர் இல்லாத இடத்து நெல் விவசாயிகளிடம், அறுவடை முடிந்த வயலில் சில வாரம் ஆழமில்லாமல் நீர் நிறுத்த எவ்வளவு கேட்பீர்கள் என்று ஏலம் விட்டார்கள். குறைவாகக் கேட்டவருக்கு ஒப்பந்தம். பறவைகள் திரளாக இறங்கின. நிலம் விவசாயியிடமே இருந்தது. பறவைக்குத் தேவைப்பட்டது வருடத்தில் சில வாரம்தான் என்பதைச் சரியாகப் பிடித்த திட்டம்.

ஓரிடத்தை அழித்துவிட்டு வேறிடத்தில் புதிதாக ஈரநிலம் செய்து தருகிறோம் என்கிறார்களே?

குளம் செய்யலாம். லண்டனில் கைவிடப்பட்ட பழைய நீர்த்தேக்கங்களை மாற்றியமைத்து 2000இல் திறந்த ஈரநில மையத்தில் பறவைகள் நன்றாகவே தங்குகின்றன. ஆனால் அலை ஏறி இறங்கும் சேற்றுப் பரப்பு, மட்கிய தாவரம் படிந்து உருவான கரிமண் சதுப்பு போன்றவற்றை ஒப்பந்ததாரர் செய்து தர முடியாது. சேற்றில் புழுவும் சிப்பியும் எந்த அளவில், எந்த நெருக்கத்தில் இருக்கின்றன என்பது நீரோட்டம், மணலின் பருமன், உப்பின் அளவு எல்லாவற்றையும் பொறுத்தது. கார்டிஃப் விரிகுடாவுக்கு ஈடாகச் செய்துகொடுத்த ஈரநிலம் வேறு பல பறவைகளுக்குப் பிடித்துப்போயிற்று. இடம் இழந்த பவளக்காலிகளுக்கு அது பயன்படவில்லை.

இப்படி வாக்குறுதி தந்தால் ஒன்று கேளுங்கள்: புதியது முதலில் தயாராகி, பறவைகள் வந்து இறங்கியதை எண்ணிக் காட்டியபிறகு பழையதை மூடுவீர்களா?

அழிந்துபோனதை மீட்கவே முடியாதா?

நீர் திரும்பினால் நிறையத் திரும்பும். ஒடிசாவின் சிலிகா ஏரியில் கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் அடைத்து உப்புத்தன்மை குறைந்து, களை பெருகி, மீன்பிடி சரிந்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். உப்புநீர் ஏறியது, களை பின்வாங்கியது, மீன் வரத்து கூடியது. 2002இல் மான்ட்ரூ பதிவேட்டிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. ஆசியாவில் அப்படி நீங்கிய முதல் தலம் அது. மீனவர்களும் பறவைகளும் ஒரே வெட்டில் பிழைத்தார்கள்.

ஈராக்கின் தென்பகுதிச் சதுப்புகளை 1990களில் அரசே கரைகள் கட்டி வற்றவைத்தது. 2003க்குப் பிறகு உள்ளூர் மக்கள் கரைகளை உடைத்தார்கள். நீர் பாய்ந்த பகுதிகளில் நாணல் மீண்டது. ஆனால் மேலே அணைகள் இருக்கும்வரை வறட்சி வருடங்களில் அது தள்ளாடத்தான் செய்கிறது.

இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கு கொஞ்சம் சிக்கலான கதை. 1950களில் விவசாயத்துக்காக வடித்தார்கள். கரிமண் காய்ந்து தாழ்ந்தது, தானாகத் தீப்பற்றியது, புழுதியாகப் பறந்தது. 1994இல் ஒரு பகுதியில் மீண்டும் நீர் விட்டார்கள். பெருங்கொக்குகள் பல்லாயிரக்கணக்கில் வந்து பக்கத்து நிலக்கடலை வயல்களில் இறங்கின. வயலைக் காக்க, ஓரிடத்தில் தானியம் போட்டு அவற்றை நிறுத்திவைத்தார்கள். 2021 இறுதியில் பறவைக் காய்ச்சல் வந்தது. 5,000க்கும் மேற்பட்ட கொக்குகள் செத்தன. இது அடுத்த கேள்விக்கும் பதில்.

பறவைகளுக்குத் தீனி போடலாமா?

கூடாது. நெருங்கி நிற்கும் கூட்டத்தில் கிருமி பரவுவது எளிது. ரொட்டியும் பொரியும் வாத்தின் வயிற்றை நிரப்பும், பறக்கத் தேவையான கொழுப்பைத் தராது. மிச்சம் அழுகி நீரையும் கெடுக்கும்.

திடீரென்று பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால்?

தொடாதீர்கள். கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் உடனே சொல்லுங்கள். இடம், நேரம், தோராயமான எண்ணிக்கை, எந்தெந்த வகை என்பதைக் குறித்து, தள்ளி நின்று படம் எடுங்கள். நாயும் காகமும் இழுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

விஷம் வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் வதந்தி கிளம்பும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பொட்டுலிசம் என்ற ஒன்று உண்டு. நீர் சூடாகி, ஆக்சிஜன் குறைந்து, அழுகல் சேர்ந்த இடத்தில் ஒரு பாக்டீரியா நச்சை உண்டாக்குகிறது. பறவைக்குக் கால், சிறகு, கழுத்து வரிசையாகச் செயலிழக்கும். தலையைத் தூக்க முடியாமல் நீரிலேயே மூழ்கிச் சாகும். செத்த உடலில் ஈப்புழு மொய்க்கும். புழுவை நச்சு ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் உடலில் சேர்ந்திருக்கும். அந்தப் புழுவைத் தின்னும் அடுத்த பறவை சாகும். அதிலும் புழு மொய்க்கும். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் உப்பேரியில் இப்படித்தான் சுமார் 18,000 பறவைகள் மாண்டன. சடலங்களை விரைவாக அகற்றி எரிப்பதோ புதைப்பதோதான் இந்தச் சங்கிலியை அறுக்கும் வழி. அரசு ஆட்கள் கையுறை, முகக்கவசத்தோடு செய்யவேண்டிய வேலை அது. ஆர்வலர்கள் வெறுங்கையோடு இறங்கக்கூடாது. பறவைக் காய்ச்சலா பொட்டுலிசமா என்பது ஆய்வகம் சொல்லும்வரை தெரியாது.

வேட்டை நின்றுவிட்டாலும் ஈயக் குண்டு ஆபத்து என்கிறார்களே, ஏன்?

வாத்துகள் இரையை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கும். சேற்றில் கிடக்கும் பழைய குண்டையும் கல் என்று விழுங்கிவிடும். இரைப்பையில் அது தேய்ந்து இரத்தத்தில் கலக்கிறது. சில குண்டுகளே ஒரு வாத்தைக் கொல்லப் போதும். அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுக்கத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களுக்கான தடை 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது.

படம் எடுக்கப் போவதாலும் பறவைக்குத் தொந்தரவா?

ஆம், குறிப்பாகக் கடலோரத்தில். அங்கே பறவைகளின் நாள் அலையை ஒட்டியே போகிறது. நீர் வற்றியிருக்கும் சில மணிநேரம்தான் இரை. நீர் ஏறியதும் மணல் திட்டிலோ உப்பளக் கரையிலோ நெருக்கியடித்து நின்று ஓய்வெடுக்கும். சும்மாதானே நிற்கின்றன என்று அப்போதுதான் கேமராவோடு கிட்டே போகிறோம். மொத்தக் கூட்டமும் எழும்பும், படமும் பிரமாதமாக வரும். அதற்குச் செலவானது பயணத்துக்குச் சேர்த்துவைத்த கொழுப்பு. பறவைகள் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்க ஆரம்பித்தால் அதற்கு மேல் ஓரடியும் வைக்காதீர்கள். ட்ரோனைப் பருந்தாகவே எண்ணிப் பயப்படும், வேண்டவே வேண்டாம். கூடுகளின் துல்லியமான இடத்தை இணையத்தில் போடாமல் இருப்பதும் நல்லது.

மின்கம்பிகள்?

பூநாரை, கொக்கு போன்ற கனத்த பறவைகளால் சட்டென்று திரும்ப முடியாது. மங்கிய வெளிச்சத்தில் கம்பியில் மோதிச் சாகின்றன. தங்குமிடத்துக்கும் மேயுமிடத்துக்கும் இடையில் கம்பி போகாமல் பார்ப்பது முதல் வழி. போய்விட்டால், கண்ணில் படும் அடையாளத் தட்டுகளைக் கம்பியில் மாட்டினால் மோதல் குறையும்.

அதிகாரமில்லாத சாதாரண ஆள் என்னதான் செய்ய முடியும்?

எண்ணலாம். கேட்கச் சாதுவாக இருக்கிறது, ஆனால் இதைவிடக் கூரான ஆயுதம் எனக்குத் தெரிந்து இல்லை. கலிபோர்னியாவின் மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளை 1941 முதல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் திருப்பிக்கொண்டது. ஏரி தாழ்ந்தது, உப்பு ஏறியது. கடற்காகங்கள் முட்டையிடும் தீவுக்குத் தரைவழி உண்டாகி ஓநாய் இனத்துக் கயோட்டிகள் நடந்தே போய்க் கூடுகளைச் சூறையாடின. 1976இல் கல்லூரி மாணவர் குழு ஒன்று அங்கே தங்கிப் பறவைகளையும் அவற்றின் இரையான உப்பு இறாலையும் எண்ணி எழுதியது. இரண்டு வருடத்தில் ஒரு குழு உருவாகி வழக்குத் தொடர்ந்தது. இயற்கை நீர்நிலைக்கு அரசு அறங்காவலர்தான், உரிமையாளர் இல்லை என்ற அடிப்படையில் 1983இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994இல் ஏரிக்கான நீர்மட்டம் நிர்ணயிக்கப்பட்டு, நகரத்துக்குப் போகும் நீர் வெட்டப்பட்டது.

உங்களுக்கு வழக்குப் போடும் நோக்கம் இல்லாவிட்டாலும், ஒரே நீர்நிலையில், ஒரே முறையில், ஒவ்வொரு மாதமும் எண்ணி இ-பேர்ட் போன்ற பொதுத்தளத்தில் பதியுங்கள். 1967 முதல் நடக்கும் சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், அதன் அங்கமாக 1987இல் தொடங்கிய ஆசியக் கணக்கெடுப்பும் ஜனவரியில் நடக்கின்றன. தன்னார்வலர்களை நம்பியே நடக்கின்றன. கூடவே பழைய நில ஆவணத்தில் அந்த இடம் நீர்நிலை என்று இருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்கிவையுங்கள். திட்டங்களுக்கு ஆட்சேபம் கேட்கும் நாட்கள் குறைவு. அப்போது தேட ஆரம்பித்தால் காலம் போதாது.

இந்த வருடம் எங்கள் ஏரிக்குப் பறவைகள் குறைவாகத்தான் வந்தன. ஏரி கெட்டுவிட்டதா?

ஒரு வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் எங்கு பார்த்தாலும் நீர் நிற்பதால் பறவைகள் பரவிவிடும்; உங்கள் ஏரியில் கூட்டம் தெரியாது. வறட்சி வருடத்தில் மிஞ்சிய ஒரே நீர்நிலை உங்களுடையது என்றால் அங்கே திரளாகக் கூடும், அதைப் பார்த்து ஏரி செழித்துவிட்டது என்று மகிழ்வதும் தவறு. இன்னொன்று, வடதுருவத்தில் லெம்மிங் என்ற எலியினம் சில வருடத்துக்கு ஒருமுறை பெருகும், பிறகு சரியும். சரிந்த வருடத்தில் துருவ நரிகள் பசிக்குப் பறவைக் குஞ்சுகளைத் தேடிப்போகும். அந்தக் குளிர்காலத்தில் தெற்கே வரும் கூட்டத்தில் இளம் பறவைகள் குறைவாக இருக்கும். உங்கள் ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குறைவு தொடர்ந்தால் பக்கத்து நீர்நிலைகளின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கூடி, இங்கே மட்டும் குறைந்திருந்தால் வாய்க்கால், கழிவு, ஆழம், தொந்தரவு என்று ஒவ்வொன்றாக இங்கேயே தேடவேண்டும். எல்லா இடத்திலும் ஒரே இனம் குறைந்திருந்தால் சிக்கல் வலசைப் பாதையில் வேறெங்கோ இருக்கிறது. அப்போது உங்கள் எண்ணிக்கைக் குறிப்பு இன்னொரு நாட்டில் யாருக்கோ தேவைப்படும்.